தலை நிமிர்ந்து வாழ்வோம்

தலைகுனியாமல் வாழ வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி அறிவுரை கூறுகின்றோம். ஆயினும் கைத்தொலைபேசியை எடுத்ததும் நாமே முதலில் தலைகுனிகின்றோம். தமிழ் வகுப்பு முடியும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெற்றோரைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுடையது. அதனை ஏழு கழுத்தெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் தாங்குகின்றன. தலை முன்னே சாயச் சாய, அதனை இழுத்துப் பிடிக்கும் பின்கழுத்துத் தசைகளின் சுமை பெருகுகின்றது. 60 பாகை குனியும்போது கழுத்தின்மேல் விழும் விசை சுமார் 27 கிலோ எடைக்கு ஒப்பானது என நியூயோர்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ஆம் ஆண்டில் கணக்கிட்டார். நெடுநேரம் அசையாதிருப்பதும் தசைகளைக் களைப்படையச் செய்கின்றது.

தடுக்கும் வழிகள் எளியவை. தொலைபேசியைக் கண்மட்டத்திற்கு அருகே உயர்த்திப் பிடிப்போம். முழங்கைகளை மேசைமீது ஊன்றிக்கொள்வோம். இடையிடையே எழுந்து நடந்து, தோள்களைச் சுழற்றுவோம். வலி கைக்குப் பரவினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ தாமதியாது மருத்துவரை நாடுவோம்.

பிள்ளைகளின் கையிலிருந்து கருவியைப் பறிப்பதனால் மட்டும் பயன் விளையாது என்பதே எமது கருத்து. பெற்றோரின் சொல்லைவிடச் செயலையே அவர்கள் பின்பற்றுவர். ஆதலால் இரவு உணவு வேளையில் தாய் தந்தையரின் தொலைபேசிகளே முதலில் ஒதுக்கி வைக்கப்படட்டும். நிமிர்ந்திருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தமிழில் உரையாடவும் அவ்வேளை உதவும்.