பின்னுக்கு எடுக்கத் தெரியாத சாரதிக்கு யார் பொறுப்பு?

கடந்த மாரியில் ஒரு விடிகாலை. ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள ஒரு களஞ்சியசாலை முற்றத்தில், 53 அடி நீளமான ட்ரெய்லரை வேறு இரண்டு வாகனங்களுக்கு இடையே பின்னுக்கு எடுக்க முயன்றுகொண்டிருந்தேன். அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்றாவது கிழமை. வேலையில் நான்காவது நாள். வலப்பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கச் சுவர் மட்டுமே தெரிந்தது, அதன் வால் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ட்ரக்கின் கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதச் சம்பளத்தில் பாதியை நிறுவனம் வெட்டிக்கொண்டது. ஊரில் அம்மாவின் நகை வங்கியில் இருக்கிறது. அதை மீட்கும் நாள் இன்னும் தள்ளிப்போனது.

பிழை என்னுடையதுதான். ஆனால் என்னுடையது மட்டும்தானா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வடக்கு கிழக்கிலிருந்து கனடா வந்த பல இளைஞர்களுக்கு ட்ரக் ஓட்டுவதுதான் கண்ணுக்குத் தெரிகிற முதல் நல்ல தொழில். அதனால் இது எங்கள் ஊர்களின் கேள்வியும்கூட.

முன்னுக்கு ஓட்டுவதைவிடப் பின்னுக்கு எடுப்பதுதான் இத்தொழிலின் உண்மையான பரீட்சை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். எனக்குப் பழக்கிய அண்ணை, "ஸ்டியரிங்கின் அடியில் கையை வையும் தம்பி. வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தும்" என்றார். அது ஒரு நாளில் விளங்கிவிடும். எவ்வளவு திருப்புவது, எப்போது மறுபக்கம் திருப்பி ட்ரெய்லருக்குப் பின்னால் ட்ரக்கைக் கொண்டுவருவது என்பதற்குத்தான் மாதங்கள் தேவை. கொஞ்சம் பிந்தினாலும் ட்ரக்கும் ட்ரெய்லரும் பேனாக்கத்தி போல மடிந்துவிடும். சாரதியின் பக்கமாக எடுத்தால் யன்னலால் எட்டிப் பார்க்கலாம். வலப்பக்கமாக எடுப்பது பாதிக் குருட்டு வேலை. அதற்கு ஒரே மருந்து, சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பார்ப்பது.

ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல், இந்த வகை அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். மேற்கு மாகாணங்கள் இத்தகைய சட்டத்துக்கு வர ஒரு பேரவலம் தேவைப்பட்டது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில், நிறுத்தற் பலகையைக் கவனிக்காத ஒரு புதிய சாரதியின் ட்ரக், ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பேருந்தின் பாதையில் புகுந்தது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். சாரதிக்கு எட்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குடியேறியாகிய அவருக்கு 2024இல் நாடுகடத்தல் உத்தரவும் வந்தது. அவருடைய குற்றத்தை யாரும் மறுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. ஆனால் சில நாள் பழக்கிவிட்டு அவரைத் தனியே தெருவில் விட்டவர்கள் கொடுத்த விலை அதற்குக் கிட்டவும் வராது.

சட்டம் சொல்லும் மணித்தியாலங்கள் பரீட்சை வாசலோடு முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு அனுபவசாலி ஒருவருடன் சில கிழமை அனுப்புவது நிறுவனத்துக்குச் செலவு. நல்ல நிறுவனங்கள் அந்தச் செலவைச் செய்கின்றன. மற்றவை அதைச் சாரதியின் தலையில் போடுகின்றன. அதற்கான வழிதான் இங்கே 'ட்ரைவர் இங்க்' என்று பேசப்படுவது. "உன் பெயரில் ஒரு கம்பனி பதி, சம்பளத்தில் வரி பிடிக்கமாட்டோம்" என்பார்கள். கையில் வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் ஓய்வூதியப் பங்களிப்பு இல்லை, வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, சுகவீன விடுமுறை இல்லை. ட்ரக் அவர்களுடையது, நேரமும் பாதையும் அவர்கள் சொல்வது. கண்ணாடி உடைந்தால் மட்டும் நான் 'முதலாளி'.

ஊழியரை இப்படிப் பெயர் மாற்றி வைத்திருப்பதை, மத்திய சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களுக்குக் கனடா 2021 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. மாகாண எல்லையையோ நாட்டு எல்லையையோ கடந்து சரக்கு ஏற்றும் நிறுவனங்கள் இதற்குள் வரும். தராத சம்பளத்துக்கு ஆறு மாதத்துக்குள் மத்திய தொழில் திட்டத்திடம் முறையிடலாம். இருந்தும் எங்கள் பெடியள் முறையிடுவதில்லை. வதிவிட வழக்கு முடியவில்லை, கடன் நிற்கிறது, வேலை எடுத்துத் தந்தவர் ஊர்க்காரர். சோதனைச்சாவடிகளில் வளர்ந்த தலைமுறைக்கு அரச அலுவலகத்தில் பெயரைப் பதிவதே பயம். இந்தப் பயத்தை நன்றாக அறிந்தவர்கள்தான் இதை வைத்துப் பிழைக்கிறார்கள். அவர்களில் தமிழரும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

2009 தை மாதம், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அப்பா எங்களை ரக்ரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நெரிசலில் பெட்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டி வந்தபோதெல்லாம், செல் விழுந்துகொண்டிருந்தபோதும், இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டே எடுத்தார். பெட்டிக்குப் பின்னால் சனம் படுத்திருந்தது. அவரைப் பார் பார் என்று அவசரப்படுத்த அங்கே ஒரு முதலாளி இருக்கவில்லை.

எனக்கு அன்று விடிகாலை இருந்தார். தொலைபேசியில், "இன்னும் ஏன் உள்ளே போகவில்லை?" என்று மூன்று தரம் கேட்டார். நான் இறங்கிப் பார்க்கவில்லை.

வரப்போகிற தம்பிமாருக்குச் சொல்ல இரண்டு விடயங்கள் உண்டு. எத்தனை கிழமை கூட ஓடிப் பழக்குவீர்கள் என்று கேட்காமல் எந்த நிறுவனத்திலும் சேராதீர்கள். உங்கள் பெயரில் கம்பனி பதியச் சொன்னால், எழுதிக் கேளுங்கள், ஒவ்வொரு கொடுப்பனவையும் குறித்து வையுங்கள். நான் என்னுடைய கணக்கை எழுதி முடித்துவிட்டேன். ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. இந்தக் கிழமை முறைப்பாட்டை அனுப்புகிறேன்.