சுக்கு விற்போம், வைத்தியம் விற்க வேண்டாம்

"சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியில்லை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் நம் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு ஆகிய சரக்குகளுக்குக் கிராக்கி ஏறுவது ஆண்டுதோறும் காண்பதுதான். 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர்ப் பொடி கேட்டு மக்கள் கடை கடையாக ஏறி இறங்கியதையும் நாம் மறந்துவிடவில்லை.

2025 அக்டோபரில் நடந்த ஒரு துயரம் இந்த வியாபாரத்தின் பொறுப்பைக் கூட்டியிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயினர். சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் அம்மருந்தில் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக அது ஏற்றதல்ல என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

பாட்டில் மருந்துக்குப் பயந்த தாய் அடுத்து எங்கே வருவாள்? நம் கடைக்குத்தான் வருவாள். "அண்ணாச்சி, பிள்ளைக்கு இருமல் விடமாட்டேன் என்கிறது, என்ன கொடுக்கலாம்?" என்று கேட்பாள். இந்த நம்பிக்கையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அதைக் காப்பாற்ற நாம் இரண்டு காரியங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. ஒன்று, கொடுக்கும் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு, தராசு பிடிக்கும் கை நாடி பிடிக்கக் கூடாது.

முதலில் சரக்கைப் பார்ப்போம். சமையலுக்குப் போகும் மிளகில் கலப்படம் இருந்தாலே குற்றம். நோயாளியின் கஷாயத்துக்குப் போகும் மிளகில் இருந்தால் அது பாவமும்கூட. மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய மோசடி. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டால் முற்றிய மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பதை எடுத்து நசுக்கிப் பார்த்து முடிவு செய்வது நல்லது. 2012 இறுதியில் கொச்சியில் முன்பேர வணிகக் கிடங்குகளில் இருந்த மிளகில் மினரல் ஆயில் கலந்திருப்பதாகக் கூறி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். பளபளப்பைப் பார்த்து மயங்காமல், கையில் பிசுபிசுத்தாலோ மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

சுக்கை உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும். வெளியே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே வண்டு குடைந்த தூள் என்றால் அது குப்பைக்குத்தான் உரியது. சித்தரத்தை கேட்டவருக்குப் பேரரத்தையைக் கொடுத்து அனுப்பக் கூடாது. பனங்கற்கண்டு என்ற பெயரில் சீனிப் பாகு கலந்த கட்டி வருவதும் நமக்குத் தெரிந்ததே. தேன் விஷயம் இதைவிட மோசம். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்ததில் மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. பெரிய கம்பெனி லேபிள் இருப்பதால் மட்டும் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. மொத்த வியாபாரிகள் பில்லுடன் சரக்கு அனுப்ப வேண்டும். சில்லறை வியாபாரிகள் பில் இல்லாத சரக்கை இறக்கக் கூடாது. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் நம்மைக் காக்கும்.

அடுத்தது வைத்தியம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். அதுவரை சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம் தரும். ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்குத் தேன் இருமலைத் தணிக்கும் என்பதை ஆங்கில மருத்துவர்களும் ஒப்புக்கொள்கின்றனர். நம் வேலியோரத்து ஆடாதோடையும் சாதாரணமானதல்ல. அதிலுள்ள வாசிசின் என்ற சத்தை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. ஆகவே கைவைத்தியத்தை இளக்காரமாகப் பேசுவது நம் நோக்கமல்ல.

ஆனால் வேலை செய்யும் பொருள் எதுவும் தப்பான இடத்தில் கெடுதலும் செய்யும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது, பாட்டுலிசம் என்ற கடும் நோய் வர இடமுண்டு. அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், ஏற்கனவே அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது. பூஜைக்கு விற்கும் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். கற்பூர டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது "இது சாமிக்கு மட்டும்தான் அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

சிலர் இன்னொரு படி மேலே போய், கடையிலேயே பொடி இடித்து, "சளி, இருமல், ஆஸ்துமா குணமாகும்" என்று அச்சடித்துப் பொட்டலம் போட நினைக்கலாம். சுக்கையும் மிளகையும் தனித்தனியாக விற்றால் அது உணவுப் பொருள். நோய் தீரும் என்று எழுதிக் கலந்து விற்றால் அது மருந்தாகிவிடும், சித்த மருந்து தயாரிக்கும் லைசென்ஸ் வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்காகக் கோர்ட்டு வாசல் ஏற வேண்டுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

"கேட்டதைக் கொடுப்பதுதான் வியாபாரம், புத்தி சொல்வது நம் வேலையா? போகச் சொன்னால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. கூட்ட நேரத்தில் ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மளிகைக் கடையின் பலமே பழக்கம்தான். இருமலுக்கென்று மூன்றாவது வாரமும் திப்பிலி வாங்க வரும் மனிதரை டாக்டருக்கு முன்னால் பார்ப்பவர் நாம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இதைச் சொல்லாமல் இன்னொரு ஐம்பது கிராம் நிறுத்துக் கொடுத்தால் கல்லாவில் சில ரூபாய் சேரலாம், ஆனால் ஒரு குடும்பம் நட்டப்படும்.

ஆகவே ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் நான்கு வரி எழுதித் தொங்கவிடலாம்:

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் வேண்டாம்.

பூஜைக் கற்பூரம் உடம்புக்கு அல்ல.

மூச்சுத் திணறல், கடும் காய்ச்சல், பால் குடிக்காத குழந்தை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை.

அட்டைக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசுதான். மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இதை அச்சடித்து உறுப்பினர்களுக்கு வழங்கலாம். நம் பெரியவர்கள் கடை வைத்தபோது மூலதனமாகப் போட்டது பணத்தைவிட நாணயத்தைத்தான். பிள்ளையின் இருமலுக்கு மருந்து தேடி வரும் தாய்க்குச் சுத்தமான சுக்கும் நேர்மையான ஒரு வார்த்தையும் கொடுத்தனுப்புவோம். நாளைக்கு அரிசியும் பருப்பும் வாங்க அவள் நம் கடைக்கே வருவாள்.