பத்திரிகைக்கு யார் கடிவாளம்?

ஊரார் தப்பை எல்லாம் பத்திரிகை தட்டிக் கேட்கிறது. பத்திரிகையே தப்புச் செய்தால் கேட்பது யார்?

சுவீடனில் 1916-லேயே பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கவுன்சில் வைத்துக் கொண்டார்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால், தப்புச் செய்த பத்திரிகையே அதை வெளியிட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும்.

இங்கிலாந்திலும் ஒரு கமிஷன் இருந்தது. ஆனால் அபராதம் போட அதிகாரம் இல்லை. விளைவு?

பிறர் டெலிபோன் தகவல்களைத் திருட்டுத்தனமாக ஒட்டுக்கேட்ட 'நியூஸ் ஆப் தி வேர்ல்டு' 2011-ல் மூடப்பட்டது. 168 வயதுப் பத்திரிகை! 2014-ல் கமிஷனுக்கும் மூடுவிழா.

கடிவாளத்தை சர்க்கார் கையில் கொடுப்பது ஆபத்து. அதற்காகக் கடிவாளமே வேண்டாம் என்று சொல்லலாமா?

தப்பு கொட்டை எழுத்தில். வருத்தம் மட்டும் மூலையில் பொடி எழுத்தில் என்றால், அது நியாயம் ஆகாது!