கிறீச்சிடும் தரையும் கீமேன் சுத்தியலும்

சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் என் மகள் அடுக்குமாடி வீடு வாங்கினாள். படுக்கையறைக்கு மட்டும் மரத்தளம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். நான்கு மாதம் கழித்து அந்தத் தரை பேச ஆரம்பித்தது. பேரனைத் தூங்க வைத்துவிட்டுப் பூனைபோல் வெளியே வந்தாலும் கதவருகே 'கிறீச்' என்று ஒரு சத்தம். குழந்தை விழித்துக்கொள்வான். மறுபடியும் தாலாட்டு!

தளம் போட்டவரை அழைத்தோம். அறையில் இரண்டு நடை நடந்தார். "எல்லா கித்து ஹாக்பேகு சார்" என்றார். எல்லாவற்றையும் பெயர்த்தாக வேண்டுமாம். அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் மகள் முகம் வாடிவிட்டது. நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டிப்ளமா படிப்பு கற்றுக்கொடுக்காததைக் கீமேன்கள் கற்றுக்கொடுத்தார்கள். கீமேன் தினமும் தன் பகுதி முழுதும் நடப்பார். தளர்ந்த இடத்தைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். ஒரு கிளிப் தளர்ந்ததென்று யாரும் பாதை முழுவதையும் பிடுங்குவதில்லை. பெட்டிப் பிரிவுத் தொழிலாளர்களும் சக்கரத்தைத் தட்டி, வரும் ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தவர்கள். முதலில் இடம், பிறகு காரணம், அதன் பிறகுதான் கருவி. வீட்டுத் தரைக்கும் இதுவே முறை என்பது என் கருத்து.

மறுநாள் காலை மின்விசிறியை நிறுத்திவிட்டு வெறுங்காலுடன் அடிமேல் அடி வைத்து நடந்தேன். என் மனைவி தரையருகே உட்கார்ந்து காது கொடுத்தாள். சத்தம் வந்த இடமெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். அறை முழுதும் கெட்டுவிட்டது என்றார்களே, புள்ளிகள் விழுந்தவை இரண்டே இடங்கள்: ஒன்று கதவருகே, மற்றொன்று ஜன்னலருகே.

கதவருகே பலகை நிலைச்சட்டத்தை முட்டிக்கொண்டு நின்றது. ஓரத்து ஸ்கர்ட்டிங்கையும் பலகையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். ஜன்னலருகே 2 மீட்டர் அலுமினியப் பட்டையை வைத்துப் பார்த்தேன். நடுவில் 5 மி.மீ. பள்ளம். அவ்வளவு நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடு பள்ளம் இருந்தால், கால் வைக்கும்போதெல்லாம் பலகை தாழ்ந்து எழும். பூட்டுகள் ஒன்றோடொன்று உரசும். கிறீச்சொலி என்பதே இரண்டு பொருள்கள் உரசுவதுதான். ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிஜோ கோட்டையின் நடைபாதைப் பலகைகள் பறவைபோல் ஒலிப்பதற்குப் பெயர் பெற்றவை. அங்கேயும் அடியிலுள்ள ஆணியும் இரும்புப் பிடியும் உரசுவதே சங்கதி.

ஓரத்தில் இடைவெளி எதற்கு என்று கேட்பீர்கள். 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி ஏறினால் சுமார் 6 மி.மீ. நீளும். அதனால்தான் அந்தக் காலத்தில் இணைப்புகளில் இடைவெளி விட்டோம். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைக்கிறார்கள். அவற்றை இறுகப் பிடித்துவைக்கக் கிளிப்பும் சரளைக்கல்லும் உண்டு. லேமினேட் தளமோ தரையில் ஒட்டாமல் மிதப்பது. அதைப் பெரிதும் நீளச் செய்வது வெயிலைவிட ஈரம்தான். பெங்களூரில் மார்ச் மாதத்துக் காற்று உலர்ந்திருக்கும், ஆகஸ்டில் ஈரமாகிவிடும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடம் விடாவிட்டால் தளம் எங்கே போகும்? முட்டும், முனகும், கடைசியில் மேலெழும்பும்.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிச் சுவரில் மட்டும் அடித்தோம். கதவருகே பலகையின் ஓரத்தை அறுத்து இடம் விட்டோம். ஜன்னல் பக்கத்துப் பலகைகளை மட்டும் எடுத்து, பள்ளத்தை நிரப்பிக் காயவிட்டு, அதே பலகைகளைத் திரும்பப் பூட்டினோம். பேரன் இப்போது தூங்குகிறான்.

ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்படியோ மாடிப் பலகையோ சத்தமிட்டால் பெரும்பாலும் ஆணி தளர்ந்திருக்கும். மரக்கட்டை ஸ்லீப்பரில் அடித்த ஆணிகளும் இப்படித்தான் வண்டி போகப் போகத் தளரும். அதே ஓட்டையில் மீண்டும் ஆணி அடிப்பது வீண். பக்கத்தில் திருகாணி போடுங்கள். அடியிலிருந்து பார்க்க வழி இருந்தால், பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே பசை தடவிய மெல்லிய ஆப்பைச் செருகலாம். ஓங்கி அடித்தால் பலகையே தூக்கிக்கொள்ளும். இடுக்கில் முகப்பவுடர் தூவினால் சத்தம் அடங்கும். ஆனால் அது தலைவலித் தைலம் மாதிரி, சில நாள் நிம்மதிக்கு மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. சத்தத்தோடு பலகை மெத்தென்று அமுங்கினால், உளி நுனி எளிதாக இறங்கினால், அது கரையானாகவோ குளியலறைக் கசிவாகவோ இருக்கலாம். அப்போது தாமதிக்கக் கூடாது. வயதானவர்கள் நடமாடும் வீட்டில் அது உயிர்ப் பிரச்னை.

டைல்ஸ் போட்டவர்களும் சிரிக்க வேண்டாம். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளலாக ஒலித்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று பொருள். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூட நீர் உறிஞ்சாது. வெறும் சிமென்ட் கலவை அதைச் சரியாகப் பற்றாது; அதற்கென்று உள்ள பசைக்கலவை வேண்டும். நடுவே இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் பதித்தால் ஒருநாள் இரண்டு டைல் கூடாரம்போல் எழும்பி நிற்கும்.

'இடைவெளி இல்லாமல் இருந்தால்தான் பார்க்க அழகு' என்று கேட்பவர்கள் நாம்தான். போடுகிறவரும் நம் விருப்பப்படி போட்டுவிட்டுப் போகிறார். தவறில் பாதி நம்முடையது. ஆகவே தளம் போடும் நாளில் அளவு நாடாவுடன் பக்கத்தில் நில்லுங்கள். சுவரோரம் இடம் விட்டார்களா, தரை மட்டமா என்று கேளுங்கள். சாவி வாங்குமுன் ஒவ்வொரு அறையிலும் வெறுங்காலுடன் நடந்து, தட்டிப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். குடியிருப்போர் சங்கங்கள் இதற்கு ஒரு படிவமே தயாரிக்கலாம்.

எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். புள்ளிகள் எத்தனை என்று எண்ணிய பிறகு பணப்பையைத் திறக்கலாம்.