இந்த விதியை யார் எழுதியது?

கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருவனிடம் மட்டும் கேம் ஆடுவதற்கென்றே வாங்கிய கணினி இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அவன் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடும். துப்பாக்கிச் சண்டை. ஆள் மாற்றி ஆள் ஆடுவோம். என் முறை வரும்போது, மவுஸைப் பிடித்து எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்ப்பதற்குள் யாராவது என்னைச் சுட்டிருப்பார்கள். “உனக்குக் கை வரலடா, குடு” என்று மவுஸை வாங்கிக்கொள்வான். அவன் கெட்டவன் இல்லை. என் மெஸ் பாக்கியை இரண்டு மாதம் கட்டியவன். ஆனாலும் அந்தக் ‘கை வரல’ மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அவன் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்தே கணினி உண்டு. என்னுடையது என்று சொல்லி நான் ஒரு கணினியைத் தொட்டது பன்னிரண்டாம் வகுப்பில். அது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. கை வருவது என்றால் என்ன? நல்ல கருவி, அறுபடாத இணையம், யாரும் கேள்வி கேட்காத சில ஆயிரம் மணி நேரம். இவை எதையும் கணக்கில் சொல்லாமல் மொத்தத்துக்கும் திறமை என்று பெயர் வைத்துவிடுகிறோம். தகுதி பற்றிய பேச்சு வேறு இடங்களிலும் இப்படித்தான் நடக்கிறது என்பது இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேம் நமக்கானது இல்லை என்று நான் ஒதுங்கியிருந்த காலத்தில்தான், அந்த அரசு மடிக்கணினியிலும் ஓடும் ஒரு விளையாட்டு கிடைத்தது. பெயர் ப்ரோக். பிரையன் வாக்கர் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2009இல் வெளியிட்டது. விலை கிடையாது. பாதாளத்தில் 26 தளங்கள் இறங்கி ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஆடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஒரு வித்தியாசம் தெரிந்தது. நான் ஓர் அடி வைத்தால் எதிரி ஓர் அடி வைக்கிறான். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மொத்த உலகமும் உட்கார்ந்திருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து அடுத்த அடியை யோசிக்கலாம். மவுஸைப் பிடுங்க ஆள் இல்லை.

ஆடுபுலி ஆட்டம்போல முறைவைத்து ஆடும் இந்த வகைக்கு ‘டர்ன் பேஸ்டு’ என்று பெயர். இதில் ஒரு கிளைதான் ‘ரோக்லைக்’. பெயருக்குக் காரணம் ரோக் என்ற பழைய விளையாட்டு. 1980 வாக்கில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு கலிஃபோர்னிய மாணவர்கள் தொடங்கியது. படம் எதுவும் கிடையாது. நீங்கள் ஒரு @ குறி. எதிரிகள் 26 ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாக அமையும். செத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்றைய ரோக்லைக்குகள் இந்த இரண்டு விதிகளையும் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன.

செத்தால் எல்லாம் போச்சு என்பது கொடுமையாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ப்ரோக்கில் அடையாளம் தெரியாத ஒரு மருந்துக் குப்பியை அவசரத்தில் குடித்து, அது தீயாகப் பற்றி எரிந்து, நின்ற இடத்திலேயே செத்தேன். அடுத்த ஆட்டத்தில் அதே மருந்தை எதிரிகள் கூட்டமாக வந்தபோது தூக்கி வீசினேன். வாளும் கவசமும் போன ஆட்டத்தோடு போய்விட்டன. அந்த ஒரு அறிவு மட்டும் கூட வந்தது. ப்ரோக்கில் எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளியும் கிடையாது. அதனால் சண்டையைத் தவிர்த்து ஓடுவது கோழைத்தனம் ஆகாது. சில இடங்களில் எதிரிக் கூட்டத்தின் நடுவே சங்கிலியில் கட்டப்பட்ட ஒருவன் இருப்பான். காவலர்களைச் சமாளித்துவிட்டு, சில முறைகளைச் செலவழித்து அவனை அவிழ்த்துவிட்டால் கடைசிவரை உங்களோடு வருவான். நான் அதிக ஆழம் இறங்கிய ஆட்டங்கள் எல்லாம் அப்படி ஒருவன் கூட இருந்த ஆட்டங்கள்தான்.

இதற்கு நேர் எதிரான விதியும் உண்டு. 2013இல் வந்த ரோக் லெகசியில் நீங்கள் செத்தால் உங்கள் வாரிசு விளையாட வருவார். நீங்கள் சேர்த்த தங்கம் அவருக்குப் போகும். அதைக் கொண்டு கோட்டையை விரிக்கலாம், உடல்பலத்தைக் கூட்டலாம். இருபதாவது தலைமுறை வெல்கிறது என்றால் அதில் பத்தொன்பது தலைமுறைச் சொத்து இருக்கிறது. இது முறைவைத்து ஆடுவதல்ல, வேகமான ஆட்டம். இந்த மாதிரிக் கலப்புகளை ‘ரோக்லைட்’ என்பார்கள். ஆடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு அது ஆறுதல். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பரம்பரைச் சொத்து எவ்வளவு உதவியது என்ற கணக்கை அந்த விளையாட்டு ஒளிக்கவில்லை, திரையிலேயே காட்டிவிடுகிறது. நிஜ உலகில் அந்தத் திரை நமக்குக் கிடைப்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு விளையாட்டின் கதை அதன் வசனங்களில் இருப்பதைவிட விதிகளில்தான் அதிகம் இருக்கிறது. யார் எதோடு தொடங்குகிறார்கள், எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்பதுதான் அந்தக் கதை. வேகமான விளையாட்டில் இதைக் கவனிக்க நேரம் இருக்காது. முறைவைத்து ஆடும் விளையாட்டு நம்மை நிறுத்தி, விதியை வாசிக்கச் சொல்கிறது. சினிமாவை வரிவரியாக வாசிக்கப் பழகிய நாம் இதையும் வாசிக்க வேண்டும்.

வாசிக்கப் பழக நல்ல பாடம், இன்டூ தி பிரீச். 2018இல் வந்தது. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரும் தொடங்கிய சப்செட் கேம்ஸ் உருவாக்கியது. எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், சதுரங்கப் பலகை அளவு. உங்களிடம் மூன்று இயந்திரங்கள். பூமிக்கடியிலிருந்து பூச்சிகள் வருகின்றன. அடுத்து எந்தக் கட்டத்தை, எவ்வளவு பலத்தோடு தாக்கப் போகின்றன என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். ஆகவே தோற்றால் அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட அநேகமாக வழியில்லை. இன்னொன்று, பூச்சியைக் கொல்வது உங்கள் முதல் வேலை அல்ல. மக்கள் இருக்கும் கட்டடங்களைக் காப்பதுதான் வேலை. பல நேரம் பூச்சியை ஒரு கட்டம் தள்ளிவிட்டாலே போதும். அதன் அடி இன்னொரு பூச்சியின்மேல் விழும். ஸ்லே தி ஸ்பையர் சீட்டாட்ட வடிவில் இதே நேர்மையைச் செய்கிறது. அங்கும் எதிரியின் அடுத்த எண்ணம் அவன் தலைக்குமேல் தெரியும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விளையாட்டு, கேவ்ஸ் ஆஃப் குட். பிரையன் பக்லூ, ஜேசன் கிரின்பிளாட் இருவரின் ஃப்ரீஹோல்டு கேம்ஸ் பல ஆண்டுகள் செதுக்கியது. 2015இல் முழுமை பெறாத வடிவில் விற்பனைக்கு வந்து, 2024 டிசம்பரில் முழுமை பெற்றது. நாகரிகங்கள் பல அழிந்தபின் மிஞ்சிய ஓர் உப்புப் பாலைவன உலகம். தொடங்கும்போதே ஒரு கேள்வி: நீங்கள் உடல் திரிந்த மனிதரா, ‘தூய’ மனிதரா? திரிந்தவர் என்றால் நான்கு கைகள், இறக்கைகள், மனத்தால் பிறரை ஆட்டுவிக்கும் ஆற்றல் என்று எதையாவது எடுத்துக்கொண்டு, ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். தூயவர் என்றால் நீங்கள் பிறந்த மூடிய நகரத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஒரு ‘காஸ்ட்’டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆமாம், அதே சொல்தான். பட்டியலில் பன்னிரண்டு இருக்கின்றன.

முதன்முறை அந்தச் சொல்லைத் திரையில் பார்த்தபோது கை நின்றுவிட்டது. பிறகு கவனித்தேன். தூயவர்களுக்குத்தான் சாதி, மற்றவர்களுக்குத் தொழில் மட்டும். பழங்காலக் கருவிகளை உடலில் பொருத்தும் நிலையங்கள் தூயவர்களைப் பிரபுக்கள் என்று அழைத்து வரவேற்கின்றன. திரிந்தவர்களுக்கு அங்கே சேவை இல்லை. தூய்மையைக் காப்பதற்காகத் திரிந்தவர்களை வேட்டையாடும் ஆயுதக் கூட்டம் ஒன்றும் உண்டு. அந்தக் கூட்டம் உங்களுக்கு அடைக்கலம் தந்தவர்களின் வாசலுக்கே வந்து தாக்கும் ஒரு கட்டமும் வருகிறது. தூய்மைவாதம் எங்கே போய் முடியும் என்பதை அறிவுரையாக எங்கும் சொல்வதில்லை. அந்த வாசலில் நீங்கள் நின்று சண்டை போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு பெயர்களும் விளையாட்டில் வெறும் தொழில் பட்டியலாகவே நிற்கின்றன. ஒன்றில் இந்தத் திறன் கூடுதல், இன்னொன்றில் அந்தத் திறன் கூடுதல். யாருடைய இழப்பில் அந்தக் கூடுதல் வந்தது என்பது பட்டியலில் இல்லை. சாதியை வெறும் தொழில் பிரிவாகக் காட்டும் வாதத்தை அம்பேத்கர் 1936இலேயே உடைத்துவிட்டார். அமெரிக்காவில் உட்கார்ந்து அறிவியல் புனைவு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு பழைய வாசனை கொண்ட சொல்லாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. எனக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும், இந்தக் குறையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிடிப்பதற்குக் காரணம் தண்ணீர். அந்த உலகில் நன்னீர்தான் பணம். வழியில் சந்திக்கும் ஒருவரோடு உறவு வேண்டுமென்றால் உங்களிடமுள்ள நீரில் ஒரு பங்கை அவரோடு பகிர வேண்டும். அது ஒரு சடங்கு. குரங்கோடு செய்யலாம், செடியோடு செய்யலாம், இயந்திரத்தோடும் செய்யலாம். பகிர்ந்தபின் நீங்கள் உறவினர். அவர் தெரிந்த ரகசியத்தைச் சொல்வார், கற்ற வித்தையைத் தருவார். பகிர்ந்தவரையே பின்னால் கொன்றால் அந்த உலகின் எல்லாக் கூட்டங்களும் உங்களை வெறுக்கும். அந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய துரோகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் நீர் அருந்துவதையே ஒரு போராட்டமாக நடத்த வேண்டியிருந்த மக்களின் பிள்ளைகள் நாம். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயலும் 2022 டிசம்பரில்தான். நாலு கையுள்ள என் ஆள், ஒரு கிழக்கரடியோடு நீர் பகிர்ந்துகொண்ட அந்த இரவில் நான் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இதை எழுதியவர்கள் நம்மை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பீர்கள். கையில் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் என்றால் ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன், காசு வேண்டாம். பழைய கணினி என்றால் ப்ரோக். கணினியில் எதையும் நிறுவ முடியாது என்றால் டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப்பை உலாவியிலேயே ஆடலாம்; அதுவும் இலவசம். சீட்டுக்கட்டு பிடிக்குமென்றால் 2024இல் ஒரே ஆள் உருவாக்கிய பலாட்ரோ. ஆனால் மறுநாள் தேர்வு இருந்தால் வேண்டாம். குட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அடர்த்தியாக இருக்கும். தமிழ்வழியில் படித்த நான் முதல் மாதம் அகராதியோடுதான் ஆடினேன். அதில் ஊருக்கு ஊர் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளும் எளிய முறையும் உண்டு. அதில் ஆடினால் நீ உண்மையான ஆட்டக்காரன் இல்லை என்று யாராவது சொல்வார்கள். எது அசல் ரோக்லைக் என்று 2008இல் பெர்லினில் ஒரு மாநாட்டில் பட்டியலே போட்டார்கள். அது யாரையும் கட்டுப்படுத்த அல்ல என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அசல், கலப்பு என்ற சண்டையை நாம் இங்கேயும் தலையில் சுமக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் ஓர் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் என் போனில் ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன் ஆடுவார்கள். அதில் நேரம் போகப் போகப் பசிக்கும். உணவு கிடைக்காவிட்டால் உயிர் குறையும். ஏழாவது படிக்கும் ஒரு பெண் கோபமாகக் கேட்டாள்: “சும்மா நின்னாக்கூட ஏன் அண்ணா பசிக்குது? யாரு இப்படி வெச்சது?”

தமிழில் விதி என்ற சொல் தலையெழுத்துக்கும் ஆகும், சட்டத்துக்கும் ஆகும். நம்மை ஏய்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வசதியாக இருந்திருக்கிறது. ஆனால் அவள் கேள்வியில் குழப்பம் இல்லை. நான் பதில் சொன்னேன்: “ஓலெக் டோல்யான்னு ஒருத்தர் 2012இல் பிக்சல் டஞ்சன்னு ஒரு கேம் போட்டார். அப்புறம் அதை எப்படி எழுதினார்ங்கிறதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். எவன் டெபன்ஹாம்னு இன்னொருத்தர் 2014இல் அதை எடுத்து மாத்த ஆரம்பிச்சார். இப்ப நீ ஆடுறது அவர் மாத்தினது. அவரும் திறந்துதான் வெச்சிருக்கார்.”

“அப்ப நானும் மாத்தலாமா?”

மாற்றலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த மூலநிரலைத் திறந்து உட்காரப் போகிறோம். எனக்கும் அது புதிதுதான். பசிக்கும் வேகத்தைக் குறிக்கும் எண் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.