லொறி எஞ்சினின் ஆயுள்

ஒரு லொறியினால் எரியும் அடுப்புகள் பல. சாரதியும் உதவியாளும் மட்டுமன்றி, பயிரிடுவோரும் சந்தையில் விற்போரும் அதனை நம்பியே இருக்கின்றனர். நுவரெலியாவிலிருந்து கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும் வண்டி, எஞ்சின் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டால் மரக்கறி வாடும், கூலி போகும், கடன் தவணையோ காத்திருப்பதில்லை. ஆயினும் எஞ்சின் முன்னறிவிப்பின்றிக் கெடுவது அரிது. அது காட்டும் அறிகுறிகளை நாம்தாம் பாராது விடுகின்றோம்.

எஞ்சினுள்ளே சுழலும் தண்டும் அதைத் தாங்கும் உலோகமும் ஒன்றோடொன்று உராயாதவாறு காப்பது, மயிரிழையிலும் மெல்லிய ஒயிற் படலமே. அப்படலம் அறுந்தால் சில நிமிடங்களிற் பெருஞ்சேதம் விளையும். ஆகவே நாள்தோறும் காலையில், வண்டி சமதரையில் நிற்கும்போது, அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் இட்டு ஒயிலின் அளவைப் பார்த்தல் வேண்டும். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது இயல்பு. அது பாற்றேநீர் நிறங்கொண்டாலோ, தண்ணீர் உட்புகுந்துவிட்டது என்று கொள்க. அன்று வண்டியை எடுக்கலாகாது. ஓட்டத்தின்போது ஒயில் அமுக்க விளக்கு எரிந்தால், அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று எண்ணாது, உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துதலே அறிவுடைமை.

அடுத்தது வெப்பம். கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பதை மாணவர்கள் அறிவர். றேடியேற்றரின் இறுக்கமான மூடி, உள்ளே அமுக்கத்தைத் தேக்கி அக்கொதிநிலையை உயர்த்துகின்றது. மூடியிலுள்ள இறப்பர் வளையம் தேய்ந்தால் இப்பயன் அற்றுப்போகும். சிறு மூடியொன்றை மாற்றத் தயங்குவோர், வெப்பத்தால் வளைந்த சிலிண்டர்த் தலைக்குப் பெரும்பணம் கொடுக்க நேரிடும். எஞ்சின் கொதிக்கும்போது மூடியைத் திறப்பதும், அதன்மேல் குளிர்நீர் ஊற்றுவதும் தகாதன. முன்னது ஆளைச் சுடும். பின்னது இரும்பைப் பிளக்கும்.

புகையும் பேசும். கரும்புகை, வளி போதாமையையோ டீசல் மிகுதியையோ காட்டும். முதலில் வளிவடியைப் பார்க்க. நீலப்புகை, ஒயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் ஓயாது வரும் வெண்புகை, தண்ணீர் உட்கசிவதைக் குறிக்கலாம். கிழிந்த வளிவடியினூடே புகும் புழுதி, பிஸ்டன் வளையங்களை அரத்தைப்போல் அராவிவிடும்.

இவற்றுக்கெல்லாம் வேண்டுவது ஒரு பழைய அப்பியாசக் கொப்பியே. ஒயில் மாற்றிய திகதி, ஓடிய கிலோமீற்றர், இடையில் ஊற்றிய ஒயிலின் அளவு ஆகியவற்றை அதிற் குறித்துவரலாம். வீட்டிலே கணக்கு நன்றாகச் செய்யும் பிள்ளையிடம் அப்பொறுப்பைக் கொடுங்கள். சென்ற மாதம் 1 லீற்றர் ஊற்றிய இடத்தில் இம்மாதம் 3 லீற்றர் சென்றிருப்பின், தேய்வோ கசிவோ தொடங்கிவிட்டது என்பதை அக்கொப்பியே சொல்லும். அவ்வேளை கராஜுக்குச் சென்றால் செலவு சிறிது. வண்டி நின்ற பின்னர் சென்றால், சில வேளை அந்த லொறியையே விற்றுத்தான் கடன் தீர்க்க வேண்டிவரும்.