அணைந்துபோகும் திரை சொல்லும் செய்தி



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் செங்கோட்டைச் சாலைகளில் கார்களுக்குக் குறைவில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களிலோ சபரிமலைக்குச் செல்லும் வாகனங்கள் இரவும் பகலும் நம் ஊரைக் கடந்து போகின்றன. இவற்றுள் பலவற்றின் டாஷ்போர்டில் இன்று ஒரு தொடுதிரை ஒளிர்கிறது. பாட்டு, தொலைபேசி அழைப்பு, வழிகாட்டும் வரைபடம், பின்புறக் கேமரா ஆகிய யாவும் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிட்டன. அந்தத் திரை ஓடும் வழியில் அணைந்து, தானே எரிந்து, மறுபடியும் அணையுமானால் நாம் என்ன செய்கிறோம்? "யூனிட் போய்விட்டது, புதிது மாட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதித்துவிடுகிறோம். அந்தச் சம்மதத்தைச் சற்றே தாமதப்படுத்துங்கள் என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள். திரை அணைவது ஓர் அடையாளம். அதன் காரணத்தைக் கண்டறியுமுன் பணத்தைச் செலவிடுவது விவேகமாகாது.

இதற்கு மூன்று மெய்யான நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கூறுகிறேன். 2022 ஜனவரியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பகுதியில் மாஸ்டா கார் வைத்திருந்த சிலர் ஒரே விதமான தொல்லைக்கு உள்ளானார்கள். திரை ஓயாமல் அணைந்து அணைந்து மீண்டும் தொடங்கியது. வானொலியை வேறு நிலையத்துக்கு மாற்றவும் இயலவில்லை. அவர்கள் யாவரும் 94.9 என்னும் அலைவரிசையில் ஒரே பொது வானொலியைக் கேட்டவர்கள் என்பது பின்னரே புலப்பட்டது. அந்த நிலையம் ஒலியோடு சேர்த்து அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில், கோப்பின் வகையைக் காட்டும் கடைசி எழுத்துகள் இல்லை. 2014 முதல் 2017 வரை தயாரான சில வண்டிகளின் பழைய மென்பொருள் அந்தக் கோப்பை வாசிக்கத் தெரியாமல் தடுமாறி விழுந்தது. வயரிலும் பேட்டரியிலும் தேடியிருந்தால் எத்தனை நாள் தேடினாலும் கிடைத்திராத காரணம் அது.

அடுத்த இரண்டும் டெஸ்லா நிறுவனத்தின் கார்களில் நேர்ந்தவை. 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றின் திரையை இயக்கிய 8 ஜிபி நினைவகச் சில்லு, எழுதி அழித்து எழுதி அழித்துத் தேய்ந்துபோயிருந்தது. 2022இல் ஏறத்தாழ 1,30,000 கார்களுக்கு வேறொரு குறை அறிவிக்கப்பட்டது. விரைவு மின்னேற்றத்தின்போது திரையின் செயலி போதிய அளவு குளிராததால் திரை மந்தமாகலாம், இருண்டும் போகலாம் என்பதே அது. முந்தையதற்கு உள்ளிருக்கும் பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. பிந்தையதோ மென்பொருள் புதுப்பிப்பினால் சரிசெய்யப்பட்டது.

கவனியுங்கள், அன்பானவர்களே! வெளியே தோன்றிய அடையாளம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. காரணமோ ஒன்றில் வெளியிலிருந்து வந்த தரவு, ஒன்றில் தேய்மானம், ஒன்றில் வெப்பம். பரிகாரமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. ஆகையால், திரை அணைகிறது என்று சொல்வதோடு நின்றுவிடாமல், எப்போது அணைகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பும் கணத்தில் அணைகிறதா? அப்படியானால் பேட்டரியைச் சோதியுங்கள். கார் பேட்டரி 12 வோல்ட் வகையைச் சேர்ந்தது. முழு மின்னேற்றத்துடன் ஓய்வில் இருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடுகையில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால் அழுத்தம் தாழ்கிறது. தளர்ந்த பேட்டரியில் அது அளவுகடந்து தாழும்போது திரையின் மின்னணுப் பகுதி தாங்காமல் அணைகிறது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் சில நிமிடங்களில் இதை அறிந்துகொள்ளலாம்.

மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அணைந்தால் எங்கோ ஒரு பிணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவு, வண்டியின் உடலோடு இணையும் எர்த் வயர், யூனிட்டின் பின்னாலுள்ள இணைப்பான், ஃபியூஸ் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் சிறிது நேரம் ஓடியபின் அணைந்து, குளிர்ந்தபின் சரியானால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். ஒலியைக் கூட்டும்போது மட்டும் அணைந்தால், ஸ்பீக்கர் வயர் எங்காவது உடலில் உரசுகிறதா, பின்னர் சேர்த்த ஆம்ப்ளிஃபயர் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட பென் டிரைவையோ கைப்பேசியையோ இணைத்தால்தான் அணைகிறது என்றால், அதைக் கழற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். இவை எதிலும் அடங்காவிடில் மென்பொருள் புதுப்பிப்பைக் கேளுங்கள். யூனிட்டை மாற்றுவது இவ்வரிசையின் கடைசியில் வரட்டும்.

இங்கே இரண்டு எச்சரிப்புகள் அவசியம். ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் தீயை அழைப்பதாகும். வயருக்குப் பாதுகாவலாக வைக்கப்பட்டதே ஃபியூஸ். அது எரிந்தால் தன் கடமையைச் செய்திருக்கிறது. இரண்டாவதாக, உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியின் வயர்களை வெளியில் வெட்டி ஒட்டினால், பின்பு உத்தரவாதம் கோருவது கடினமாகும்.

"வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவனுக்கு இத்தனை ஆராய்ச்சிக்கு நேரமேது? மாற்றிவிட்டால் அன்றே வண்டி ஓடுமே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் அடுப்பைப் பாதிக்கிறது. ஆனால் அவருக்காகவே இதைச் சொல்லுகிறேன். தளர்ந்த பேட்டரியின்மேல் புதிய யூனிட்டை மாட்டினால் அதுவும் அணையும். பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும், குறை அப்படியே இருக்கும். அணையும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், வெயில், அப்போது இணைந்திருந்த பொருள் ஆகியவற்றை வண்டி நின்றபின் ஒரு தாளில் குறித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தாலே நேர்மையான ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை முடிந்தது. சியாட்டில்காரர்களின் சிக்கலும் எல்லார்க்கும் பொதுவாக இருந்த ஒன்றைக் கவனித்ததனால்தான் அவிழ்ந்தது.

பணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவுக்கு இறங்கும் 744ஆம் தேசிய நெடுஞ்சாலையை நாம் அறிவோம். 2024 பிப்ரவரியில் புளியரை அருகே சாலையிலிருந்து ஒரு சரக்கு லாரி தண்டவாளத்தின்மேல் விழுந்து ஓட்டுநர் உயிரிழந்ததையும், அங்கே வசித்த முதிய தம்பதியர் டார்ச் ஒளியைக் காட்டி வந்த ரயிலை நிறுத்தியதையும் நாடே அறிந்தது. திரைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பில்லை. ஆயினும் அந்த வளைவுகள் எவ்வளவு கவனத்தைக் கேட்கின்றன என்பதற்கு அதுவே போதிய நினைவூட்டல். அத்தகைய பாதையில் திரை அணைந்தவுடன் ஒரு கை ஸ்டீயரிங்கிலும் மறுகை பொத்தானிலுமாகப் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால், வண்டி ஏறத்தாழ 22 மீட்டர் தூரம் பார்ப்பாரின்றி ஓடியிருக்கும். எதிரே மரம் ஏற்றிய லாரி திரும்புவதற்கு அந்தத் தூரம் போதும்.

ஆகவே, திரை அணைந்தால் அணைந்தே இருக்கட்டும். பாதுகாப்பான அகன்ற இடம் வரும்வரை ஓட்டுங்கள், நிறுத்துங்கள், அதன்பின் பாருங்கள். பின்புறக் கேமரா இல்லாவிடில் கண்ணாடிகள் இருக்கின்றன. உடன் வந்தவர் இறங்கிக் கை காட்டலாம். வரைபடம் போய்விட்டால் வழியோரத் தேநீர்க் கடையில் கேட்கலாம். இந்த மலைப்பாதையில் திரையில்லாமலே ஓட்டியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

சாரல் காலப் பயணங்கள் தொடங்குமுன், உங்கள் வண்டியின் பேட்டரியையும் எர்த் வயரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். குறிப்புத் தாள் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். உங்கள் பயணங்கள் பத்திரமாயிருப்பதாக.